ஒரே வளையம், கொலு முதல் பொங்கல் வரை

உங்கள் கேள்வியில் மூன்று செய்திகள் இருக்கின்றன. நவராத்திரிக்குக் கொலு வைக்கும்போது வாசல் கதவில் தொங்கவிட ஓர் அலங்கார வளையம் வேண்டும் என்கிறீர்கள். கடையில் விற்பவை விலை அதிகம் என்பதால், வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டு 200 ரூபாய்க்குள் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய விரும்புகிறீர்கள். வட்டமாகப் பூ வைத்துக் கதவில் மாட்டினால் துக்க வீட்டு மலர்வளையம் போலத் தெரியுமோ என்று உங்கள் மாமியார் தயங்குகிறார். மதுரையில் பல ஆண்டுகளாகக் கைவினை வகுப்பு எடுத்து வருகிறேன் என்ற முறையில் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

செலவு கூடுவதற்குக் காரணம் பொருளின் விலை மட்டும் இல்லை. எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டிவிடுகிறோம். விழா முடிந்ததும் பிரிக்க முடியாமல் முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த விழாவுக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறோம். நவராத்திரியில் ஆரம்பித்தால் தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று நான்கு மாதங்களுக்குள் வாசலை அலங்கரிக்க வேண்டிய நாட்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. ஆகவே அடிவளையத்தை மட்டும் உறுதியாக, ஒரே ஒரு முறை செய்துகொள்ளுங்கள். அதன் மேல் வரும் பூ, இலை, பொம்மை எதுவானாலும் ஒட்டாமல் கட்டுங்கள். கட்டியதை அவிழ்க்கலாம், மாற்றலாம், அடுத்த ஆண்டு எடுத்து மீண்டும் கட்டலாம். 200 ரூபாய்க்குள் முடிக்க நான் அறிந்த நேரான வழி இதுதான்.

மாமியாரின் தயக்கத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அதில் பொருள் இருக்கிறது. துக்கத்துக்கு வைக்கும் வளையம் பெரும்பாலும் வெள்ளைப் பூவும் கரும்பச்சை இலையுமாக, சுற்றிலும் ஒரே சீராக அடைத்து நிறைந்திருக்கும். எனவே இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டாலே தோற்றம் வேறாகிவிடும். வெள்ளையைக் குறைத்து மஞ்சள், குங்குமச் சிவப்பு, கிளிப்பச்சை, வாடாமல்லி நிறம் ஆகியவற்றை முன்னே கொண்டுவாருங்கள். வட்டம் முழுவதையும் பூவால் நிரப்பாமல், கீழ்ப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நிரப்பி, மீதி இடத்தில் துணிச் சுற்றலின் அழகு தெரியும்படி விடுங்கள். அடியிலிருந்து இரண்டு மூன்று குஞ்சங்களோ சிறிய பித்தளை மணிகளோ தொங்கட்டும். நிலைக்கு மேலே மாவிலைத் தோரணம் வழக்கம்போல இருக்கட்டும். வளையம் கதவில் அதற்குக் கீழேதான் வருகிறது, அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. இதைச் சொன்னால் பெரியவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். மதுரை வீடு என்பதற்கு அடையாளமாகப் பச்சைத் துணியில் ஒரு கிளி செய்து பூக்களுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டால், மீனாட்சி கையிலிருக்கும் கிளிதான் எல்லோருக்கும் நினைவு வரும். துக்கத்தின் நினைவு யாருக்கும் வராது.

இனி அடிவளையம். வகுப்புகளில் இதற்காகத் தெர்மாகோல் வளையமோ கம்பிச் சட்டமோ வாங்கி வருகிறார்கள். தேவையே இல்லை. பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கும் பிரிமணை இருக்கிறதே, அதைவிட நல்ல அடிவளையம் கிடையாது. வைக்கோலிலோ தென்னை நாரிலோ முறுக்கிச் செய்யப்படுவதால் எடை குறைவாக இருக்கும், ஊசியும் கம்பியும் எளிதாக இறங்கும், வெயிலில் வளைந்து கோணாது. பானை விற்கும் கடைகளில் பெரிய பானைக்கானது என்று கேட்டு வாங்குங்கள். வெளிவிட்டம் 25 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் சாதாரண ஒற்றைக் கதவுக்குப் போதும்.

பிரிமணை கிடைக்காவிட்டால் அட்டைப்பெட்டி இருக்கவே இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வெளிவட்டமும், அதற்குள் சிறிய தட்டு ஒன்றை வைத்து உள்வட்டமும் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். இப்படி இரண்டு வளையங்கள் வெட்டி ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டும்போது, ஒன்றன் நெளிவரிகள் கிழக்கு மேற்காகவும் மற்றதன் நெளிவரிகள் வடக்கு தெற்காகவும் ஓடும்படி வையுங்கள். ஒரே திசையில் ஓடினால் வளையம் அந்த வரியிலேயே மடிந்துவிடும். ஒட்டியதன் மேல் ஓர் இரவு முழுவதும் கனமான புத்தகங்களை அடுக்கி வைத்து, மறுநாள் பழைய செய்தித்தாளைக் கசக்கி மேற்புறத்தில் மேடாகப் பரப்பி, நூலால் சுற்றி இறுக்கினால் உருண்ட வடிவம் வந்துவிடும்.

அடுத்தது துணி சுற்றுதல். வளையத்தின் அழகில் பாதி இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது, இதில் அவசரப்படாதீர்கள். பழைய பருத்திப் புடவை ஒன்றின் நீளவாக்கில் 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரே நாடாவாகக் கிழித்துக்கொள்ளுங்கள். கத்தரியால் வெட்டுவதைவிட, விளிம்பில் சிறிதாக வெட்டுக் கொடுத்துக் கையால் கிழிப்பது நல்லது; நூலின் போக்கிலேயே நேராகக் கிழியும், ஓரத்தில் மெல்லிய பிசிறு நிற்கும், அந்தப் பிசிறும் அழகாகவே இருக்கும். கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பிரிமணையின் தடிமன் நாலரை சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் துணி செல்லும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி சாய்வாகச் சுற்றினால் முழு வளையத்துக்கும் 26 சுற்றுகள் வரும். அதாவது 4 மீட்டர் நாடா போதும். புடவையின் நீளம் ஐந்தரை மீட்டர் என்பதால் நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே நாடாவில் வேலை முடிந்துவிடும். தொடங்கும் நுனியை வளையத்தின் பின்புறத்தில் இரண்டு தையல் போட்டு நிறுத்துங்கள். முடிக்கும் நுனியையும் அதே இடத்துக்கு அருகில் கொண்டுவந்து தைத்துவிடுங்கள். சுற்றும்போது நாடாவைச் சீராக இழுத்துப் பிடிக்க ஒருவரும் வளையத்தைத் திருப்ப ஒருவரும் இருந்தால் நன்றாக வரும். பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை இது.

சுங்குடிப் புடவையைக் கிழிக்கப் பலருக்கு மனம் வருவதில்லை, எனக்கும் அப்படித்தான். நைந்து போன சுங்குடியாக இருந்தால் நாடாவின் அகலத்தை 7, 8 சென்டிமீட்டராகக் கூட்டிக்கொள்ளுங்கள். குறுகலாகக் கிழித்தால் புள்ளிகள் சிதைந்து, எந்தத் துணி என்றே தெரியாமல் போய்விடும். மதுரைச் சுங்குடிக்கு 2005-ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் புள்ளிதான் அதன் உயிர், அது முழுதாகத் தெரிய வேண்டும். புடவை இல்லாவிட்டால் தையற்கடையில் கேளுங்கள். ரவிக்கை வெட்டிய மீதித் துணியை ஒரு பை நிறையக் கொடுத்துவிடுவார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் பூணுவோருக்கு உடை தைக்கும் தையற்காரர்கள் முன்பு மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரேயுள்ள புதுமண்டபத்தில் இருந்தார்கள். பட்டுப்போல மின்னும் சாட்டின், வெல்வெட், ஜரிகை நாடா ஆகியவற்றின் துண்டுகள் அவர்களிடம் மிஞ்சும். குஞ்சம் செய்ய அந்தத் துண்டுகள் அருமையானவை.

கையில் வெறும் வெட்டுத்துணிதான் இருக்கிறது, பூ வேலைக்குப் பொறுமை இல்லை என்றால், முடிச்சு வளையம் ஒன்றைச் செய்யலாம். அதற்குப் பிரிமணை வேண்டாம். 30 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டமாக வளைத்த தடித்த கம்பி போதும். உடைந்த இரும்பு ஹேங்கரை நிமிர்த்தியும் வளைக்கலாம், கொத்தனார்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பியை நான்கு இழையாக முறுக்கியும் வளைக்கலாம். 15 சென்டிமீட்டர் நீளமும் இரண்டரை சென்டிமீட்டர் அகலமுமாகத் துணித் துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றையும் கம்பியில் ஒரே முடிச்சாகப் போட்டு, அடுத்ததை நெருக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அடர்த்தியாக வர 130 துண்டுகள் வரை ஆகும்; எல்லாவற்றையும் சேர்த்தால் அரை மீட்டர் துணிதான். சிறுவர்கள் அலுக்காமல் செய்யும் வேலை. ஆனால் பூவும் கிளியும் மாற்றி மாற்றிக் கட்டுவதற்கு இது அவ்வளவு ஏற்றதில்லை. உங்கள் தேவைக்குப் பிரிமணையையே பரிந்துரைக்கிறேன்.

பூக்களுக்கு முட்டை அட்டையைப் போல மலிவான பொருள் வேறெதுவும் இல்லை. மளிகைக் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். முட்டை உடைந்து வழிந்த கறை இல்லாததாகப் பார்த்து வாங்கி, ஒரு நாள் முழுவதும் நல்ல வெயிலில் காயவையுங்கள். வேலை முடிந்ததும் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். முப்பது முட்டை அட்டையில் முப்பது குழிகள். ஒவ்வொரு குழியையும் தனியே வெட்டியெடுத்து, நான்கு மூலைகளிலிருந்தும் அடிப்பகுதி வரை கத்தரித்தால் நான்கு இதழ்கள் பிரியும். நுனிகளை வளைவாக வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு விரலைத் தண்ணீரில் தொட்டு இதழின் ஓரத்தை மட்டும் நனைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல நசுக்குங்கள். அட்டையின் நார் இளகி, ஓரம் மெலிந்து, கொஞ்சம் கிழிந்தும் கிழியாமலும் அலை அலையாக வரும். அந்த ஈரத்தோடே பென்சிலில் சுற்றி வெளிப்பக்கமாகச் சுருட்டி உலரவிட்டால், அட்டை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு குழிக்குள் இன்னொரு குழியை, இதழ்கள் இடைவெளிகளில் விழும்படி திருப்பி வைத்து ஒட்டினால் அடுக்குப் பூ. இப்படி ஓர் அட்டையில் பதினைந்து பூக்கள் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கை நிரப்ப ஏழெட்டு போதும்.

வண்ணம் தீட்டும்போது ஒரு செய்தியைக் கவனியுங்கள். போஸ்டர் கலரைத் தண்ணீரில் நன்றாக நீர்த்து முதலில் பூ முழுவதும் பூசி, அது காய்வதற்குள் அதே நிறத்தைக் கெட்டியாகத் தொட்டு நடுவில் மட்டும் வைத்தால், உள்ளிருந்து வெளியே நிறம் தானாகவே மங்கிக்கொண்டு வரும். ஒரே அடியாகக் கெட்டி வண்ணம் பூசிய பூ பிளாஸ்டிக் போலத் தெரியும். நடுவில் ஒற்றைக் கம்மலோ பொத்தானோ பாசிமணியோ வையுங்கள். பூவின் அடியில் ஊசியால் இரண்டு துளை போட்டு, மெல்லிய கம்பியை நுழைத்துப் பின்புறம் வால் போல இரண்டு முனைகளை விட்டுவிடுங்கள். அந்த வால்கள்தான் வளையத்தில் கட்டுவதற்கு.

மாவிலைகளைப் பச்சைத் துணியில் வெட்டி விறைப்பாக்கிக் கட்டலாம். ஒரு விழாவுக்கு மட்டும் என்றால் ஜவ்வரிசிக் கஞ்சியில் முக்கிக் காயவைத்தால் போதும். ஆனால் கஞ்சி போட்ட துணியைக் கரப்பானும் பூச்சியும் தேடி வரும் என்பதால், எடுத்து வைத்து மீண்டும் பயன்படுத்துவதானால் ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவில் கலந்த கரைசலே மேல். மைதாப் பசையில் பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் கலக்கும் பழக்கம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் வேலையில் வேண்டாம். அதே காரணத்தால் குன்றிமணியையும் அறவே தவிர்த்துவிடுங்கள். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருந்தாலும் அதன் விதைக்குள் அப்ரின் என்னும் கடுமையான நஞ்சு இருக்கிறது; கோர்ப்பதற்காக அதைத் துளைப்பதும் ஆபத்து, உதிர்ந்ததைக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

நம் ஊர்ப்புறத்தில் காசில்லாமல் கிடைக்கும் காய்ந்த பொருள்கள் ஏராளம். திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் பருத்தி எடுத்து முடிந்த காடுகளில், வெடித்த காயின் வெற்று ஓடுகள் செடியிலேயே காய்ந்து நிற்கும். நான்கைந்து மடல்களாக விரிந்து மரத்தில் செதுக்கிய பூப்போல இருக்கும் அவற்றை, பூச்சிமருந்து போகக் கழுவிக் காயவைத்து, மடல் நுனிகளில் மட்டும் தங்க நிறம் தொட்டு வைத்தால் கிறிஸ்துமஸ் வளையத்துக்கு வேறெதுவும் வேண்டாம். சிவப்பு ரிப்பன் ஒன்றும் சிறிய நட்சத்திரம் ஒன்றும் போதும். நுனி குத்தும் என்பதால் கதவைத் திறக்கும் கைப்பிடியின் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளத்தின் தோகையை வெந்நீரில் ஊறவைத்தால் துணிபோல வளையும். மேலக்கால் பக்கம் வாழைநாரில் திரிக்கும் கயிறு, துணிச் சுற்றலின் மேல் அங்கங்கே குறுக்காகச் சுற்றுவதற்கும் தொங்கவிடுவதற்கும் நன்றாக உழைக்கும். தை பிறப்பதற்கு முந்தைய நாட்களில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் கட்டுக் கட்டாக விற்பனைக்கு வரும்போது ஒரு கட்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். பூளைப்பூ காய்ந்த பிறகும் உருமாறாமல் நிற்கும். நாலைந்து நெற்கதிர்களோடு சேர்த்துக் கட்டினால் பொங்கல் வளையம் முடிந்தது. நெற்கதிரை வாசலில் கட்டினால் குருவியும் அணிலும் வரும். வரட்டும், அதற்காகவே கதிர் கட்டிய வீடுகள் நம்மிடம் உண்டு.

மல்லிகை வைக்கலாமா என்றும் தோன்றலாம். வளையத்தையே மல்லிகையால் செய்வது வீண்; மறுநாள் வாடிவிடும், திருநாள் நெருங்கினால் பூவின் விலையும் ஏறிவிடும். சரஸ்வதி பூசையன்று மட்டும் ஒரு முழம் கதம்பம் வாங்கி, பூக்களுக்கு மேல்புறமாக ஒரு சுற்றுச் சுற்றி, இரவில் எடுத்துவிடுங்கள்.

பசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. க்ளூ கன் வேகமாக வேலை முடிக்கும் கருவிதான், ஆனால் அது உருக்கி ஊற்றும் பசை வெப்பத்தில் மறுபடி இளகும் தன்மை உடையது. மேற்குப் பார்த்த வாசலில், பிற்பகல் வெயில் நேராக அடிக்கும் இரும்புக் கதவில் தொங்கும் வளையத்திலிருந்து பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்வதற்கு இதுவே காரணம். பூவின் நடுவில் மணி ஒட்டுவது போன்ற சிறு வேலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். எடை தாங்கும் இடமெல்லாம் நூலோ கம்பியோ இருக்கட்டும். பெரிய க்ளூ கன்னின் மூக்கு 190 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும், ஒரு துளி பட்டாலும் தோலோடு ஒட்டிக்கொண்டு கொப்புளம் போடும். ஆகவே அதைப் பெரியவர்கள் மட்டுமே கையாள வேண்டும்.

தீபாவளியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகின்றன. சாரல் படும் வாசலாக இருந்தால் க்ரேப் தாளை மறந்துவிடுங்கள்; நனைந்தால் சாயம் இறங்கி வெள்ளையடித்த சுவரில் கறையாகும், அது எளிதில் போகாது. முட்டை அட்டைப் பூக்களுக்கு நிறம் காய்ந்த பின் வார்னிஷ் ஒரு கை பூசிவிட்டால் சாரலைத் தாங்கும். கார்த்திகையன்று வாசற்படியிலும் மாடத்திலும் அகல் ஏற்றுவதால், துணியும் தாளும் கொண்ட வளையமோ அதன் குஞ்சமோ விளக்குக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. காற்றில் கதவு அசைந்தாலும் சுடர் எட்டாத தூரம் இருக்க வேண்டும். ஐயமாக இருந்தால் அன்று மாலை மட்டும் வளையத்தைக் கழற்றி உள்ளே மாட்டிவிடுங்கள்.

தொங்கவிடும் முன் ஓர் அளவை எடுக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் வீடுகளில் மரக்கதவுக்கு வெளியே கம்பிக் கதவு ஒன்று இருக்கிறது; இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி பெரும்பாலும் மிகக் குறுகல். மரக்கதவில் மாட்டினால் கம்பிக் கதவு மூடும்போது பூக்கள் நசுங்கும். ஆகவே வளையத்தைக் கம்பிக் கதவின் வெளிப்புறத்திலேயே கட்டுங்கள். மேலே ஒரு முடிச்சும் கீழே ஒரு முடிச்சுமாக இரண்டு இடங்களில் கட்டினால்தான் காற்றில் சுழலாமலும் கம்பியில் மோதாமலும் இருக்கும். ஒற்றை மரக்கதவு மட்டும் உள்ள வீடானால் தேக்கில் ஆணி அடிக்க வேண்டியதில்லை. அகலமான ரிப்பனைக் கதவின் மேல் விளிம்பைத் தாண்டி உட்புறத்துக்குக் கொண்டுபோய், அங்கே உள்தாழ்ப்பாளில் கட்டிவிடலாம். வளையத்தின் நடு, நிற்பவரின் கண் உயரத்துக்கு வரட்டும். பழைய வீடுகளின் தாழ்ந்த நிலைவாசலில் குனிந்து நுழைய வேண்டியிருப்பதால், அங்கே அதைவிட ஒரு சாண் கீழே வைப்பது நல்லது.

விழா முடிந்ததும் பூக்களைக் கம்பி வால்களோடு அவிழ்த்து அட்டைப்பெட்டியில் தனியே வையுங்கள். அடிவளையத்தைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் திணித்தால் கோணிப்போகும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை ஒரு கைப்பிடி உள்ளே போட்டு, பரணில் ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். நெற்கதிரும் பூளைப்பூவும் இருந்த வளையமானால், சுற்றி வைக்கும் முன் இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுங்கள். இல்லாவிட்டால் வண்டு துணியிலும் இறங்கிவிடும்.